இராமநாதபுரக் கடற்கரையில் திறந்தவெளி ஆர்க்கிட் வளர்ப்பு: முழு வழிகாட்டி

கொடைக்கானலில் வாங்கி வந்த சிம்பிடியம் என்ற ஆர்க்கிட் செடி ஒன்று எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு வருடம் இருந்தது. இலையெல்லாம் பச்சையாகத்தான் நின்றது. முதல் வருடம் பூக்கவில்லை. புது இடம், பழகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் முளைத்த குருத்து, தாய்த்தண்டில் பாதி பருமன்தான் வந்தது. அதற்கடுத்தது கட்டைவிரல் அளவு. மூன்றாவது கோடை வந்தபோது தொட்டியில் எதுவும் மிஞ்சவில்லை.

விற்றவர் ஏமாற்றவில்லை. கடற்கரையில் ஈரக்காற்று இருக்கும், ஆர்க்கிடுக்கு ஈரம்தான் வேண்டும் என்று நம்பித்தான் கொடுத்தார். எங்கள் ஊர் இரவு எப்படி இருக்கும் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தச் செடி போன பிறகுதான் ஒவ்வொன்றாகப் படித்தும், செடிகளை வைத்துப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். மண்டபம், பாம்பன், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடலோரத்தில் எங்கே இருந்தாலும் இது உங்களுக்கு உதவும். கண்ணாடி வீடு வேண்டாம், ஏசி வேண்டாம். முற்றத்திலும் மரத்தடியிலும் ஆர்க்கிட் பூக்க வைக்கலாம்.

மூடுபனிக் கடற்கரையும் நம் கடற்கரையும்

கடலோரத்தில் குளிர்ப் பிரதேச ஆர்க்கிட் வளர்க்கிறார்கள் என்று எங்காவது படித்தால், அது பெரும்பாலும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊராக இருக்கும். அங்கே கரையை ஒட்டி ஓடுவது கலிபோர்னியா நீரோட்டம் என்ற குளிர்ந்த நீரோட்டம். அதோடு அடிக்கடல் குளிர்நீரும் மேலே எழும்பி வரும். கோடையில்கூட அந்தக் கடல்நீர் 11 முதல் 14 டிகிரிதான். ஈரக்காற்று அந்தக் குளிர்நீர் மேல் படும்போது மூடுபனியாகித் தரைக்கு ஏறுகிறது. ஜூலை மாதப் பகலில் 18, 20 டிகிரி, இரவில் 12 டிகிரி. ஆண்டீஸ் மலையின் மேகக் காடுகளில் பிறந்த மாஸ்டெவாலியா, டிராகுலா, ஒடோண்டோகிளாசம் எல்லாம் அங்கே வீட்டு முற்றத்திலேயே தளதளவென்று வளரக் காரணம் இதுதான்.

நம் மன்னார் வளைகுடா நீர் 28, 30 டிகிரியில் இருக்கும் வெதுவெதுப்பான நீர். மார்கழி, தையில் விடியற்காலை இலை நுனியில் பனி சொட்டும், சில நாள் தூரத்துப் பனைமரம் மங்கலாகத் தெரியும். அவ்வளவுதான். பாம்பன் பக்கம் தை மாத இரவிலும் வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசியில் இரவே 27 டிகிரி இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? செடி பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இரவில் அதில் ஒரு பங்கை மூச்சு விட்டுச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 டிகிரி இரவுக்குப் பழகிய செடி நம் ஊரில் பகலில் சம்பாதித்ததை இரவிலேயே தீர்த்துவிடும். என் சிம்பிடியத்தின் ஒவ்வொரு குருத்தும் முந்தையதைவிடச் சிறுத்து வந்தது இந்தப் பட்டினியால்தான். பூவுக்கும் அதே கதை. சிம்பிடியம் பூத்தண்டு விட, மழைக்காலத்துக்குப் பின் சில வாரங்களாவது இரவு 10 முதல் 13 டிகிரி வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால், நமக்கும் அவர்களுக்கும் 13, 14 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. நிழல்வலை கட்டியோ தண்ணீர் தெளித்தோ ஈடுகட்டக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

ஆகவே சிம்பிடியம், மாஸ்டெவாலியா, சிக்கிம் பக்கத்து டென்ட்ரோபியம் நோபிலே, வடகிழக்கு மலைகளின் நீல வாண்டா என்ற வாண்டா செருலியா, இவற்றை வாங்க வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நம் முற்றத்துக்கு, வெப்ப இரவிலேயே பிறந்து வளர்ந்த ஆர்க்கிடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நம் கடல் ஈரம் ஒரு வரம்.

எந்தச் செடியில் தொடங்கலாம்

முதல் செடியாக நான் எல்லோருக்கும் சொல்வது டென்ட்ரோபியம். கடைகளில் ஊதாவும் வெள்ளையும் கலந்த பூவோடு ‘சோனியா’ என்ற பெயரில் கிடைப்பது இந்த வகைதான். இந்தக் கலப்பினங்களின் மூதாதை, வட ஆஸ்திரேலியாவில் வளரும் டென்ட்ரோபியம் பிக்கிப்பம். ஆறு மாதம் மழை, ஆறு மாதம் வறட்சி என்ற பருவத்துக்குப் பழகிய செடி. நம் ஊர் பருவமும் கிட்டத்தட்ட அப்படித்தானே. கரும்பு போல ஒல்லியான தண்டு, தண்டின் நுனியில் பூங்கொத்து. நன்றாக இருக்கும் செடியில் ஒரு கொத்து ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும்.

அடுத்தது வாண்டா டெசெல்லேட்டா. இதை நாட்டுச்செடி என்றே சொல்லலாம். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கையிலும் வறண்ட காட்டு மரங்களில் தானாகவே வளர்வது. பூ பெரிதில்லை. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், நடுவில் உதடு போல நீலம் கலந்த ஓர் இதழ். வெயில் ஏறும்போது பக்கத்தில் போனால் மணம் தெரியும். கடைப்பூவின் பளபளப்பு இதற்கு இல்லை, ஆனாலும் என் தோட்டத்தில் எனக்குப் பிடித்த செடி இதுதான்.

வெயில் நன்றாக விழும் இடமென்றால் மொக்காரா வைக்கலாம். இது அராக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வாண்டா மூன்றும் சேர்ந்த கலப்பு, கேரளத்தில் விற்பனைக்காகவே வளர்க்கிறார்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் கிடைத்தால் அதுவும் நல்ல வெயிலில் வரும். 1893-ல் சிங்கப்பூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வெளிவந்த கலப்பினம் அது. கடலும் வெக்கையும் அதற்குப் புதிதில்லை. தரையிலேயே நட்டு வைக்க ஸ்பாத்தோகிளாட்டிஸ் போதும், குழந்தைகள்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

பரிசாக வரும் ஃபலனாப்சிஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நிழலில் வைத்தால் உயிரோடு இருக்கும், இலையும் விடும். ஆனால் பூத்தண்டு வருவதற்குச் சில வாரம் தொடர்ந்து 26 டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும். நம் கடலோரத்தில் அது தை மாதத்தில் மட்டும் கொஞ்சம் வாய்க்கும். பூத்தால் சந்தோஷம், அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்கும் செடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பன்னாட்டு வணிகத்தில் எல்லா ஆர்க்கிடுமே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாஃபியோபெடிலம் இவையெல்லாம் இந்திய வனவுயிர்ச் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்டவை. நாட்டு வாண்டாவையும் நாற்றங்காலில் பெருக்கிய செடியாகவே கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், விழுந்த இடத்திலிருந்து பச்சை பரவும். விரலால் லேசாக அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். நசுங்கி, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் கையோடு வந்தால் அந்த வேர் செத்துப்போனது. வேர் நுனி பச்சையாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று இருந்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்: முதலில் தீர்க்க வேண்டிய விஷயம்

செடி வாங்குவதற்கு முன்பே தண்ணீருக்கு வழி செய்யுங்கள். நம் மாவட்டத்தில் ஆர்க்கிட் சாவதற்கு முதல் காரணம் உப்புத் தண்ணீர். மல்லிகையும் செம்பருத்தியும் தாங்கும் போர்த் தண்ணீரை ஆர்க்கிட் வேர் தாங்காது. அந்தப் பஞ்சு உறை தண்ணீரோடு உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். முதலில் வேர் நுனி கறுக்கும், அப்புறம் இலை நுனி காயும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒரு கருவி கிடைக்கிறது. அதை வாங்கி உங்கள் வீட்டுக் கிணறு, போர், ஊருணி, குழாய் எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். 100-க்குக் கீழே இருந்தால் அருமை. 200 வரை கவலையில்லை. 300, 400 என்றால் மழைத்தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். 500 தாண்டினால் ஆர்க்கிட் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு திரண்டிருக்கும், அதுவும் கூடாது. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மழைத்தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம்.

குடிக்கிற தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டால், எனக்கு மனம் ஒப்பாது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நல்ல தண்ணீருக்குப் போகும் ஊர் இது. அந்தத் தண்ணீரில் பூச்செடி வளர்க்க வேண்டியதில்லை, மழையே போதும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது, பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். வெறும் 10 சதுர மீட்டர் மாடியிலிருந்து 100 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர் கிடைக்கும். பத்துச் செடிக்குக் கோடையில் நாளுக்கு ஐந்து லிட்டர் என்றால் 1,000 லிட்டர் தொட்டி ஆறு மாதத்துக்கு மேல் வரும். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதில் ஒரு கிளை பிரித்து கறுப்புத் தொட்டிக்கு விடுங்கள்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும். முதல் இரண்டு மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றுங்கள். தொட்டி வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்குக் கொசு வளர இடம் கொடுக்கக்கூடாது.

காற்றும் நிழலும்

இராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தில் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை அது அப்படியே மாறும். உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்த்திருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் மறைப்பு கட்ட வேண்டும். கீழக்கரை, ஏர்வாடிக்காரர்களுக்குத் தெற்கும் மேற்கும், தொண்டி, தேவிபட்டினக்காரர்களுக்கு வடக்கும் கிழக்கும். தீவில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும்.

காற்றை முழுவதுமாக அடைத்துவிடக்கூடாது. ஆர்க்கிடுக்கு ஓடும் காற்று வேண்டும், உப்புச் சாரல்தான் கூடாது. சுவர் எழுப்பினால் காற்று மேலேறி உள்பக்கம் சுழன்று விழும், செடி இன்னும் அடிபடும். பனையோலைத் தட்டிதான் இதற்கு ஏற்றது. இடைவெளி வழியாகக் காற்று தணிந்து வரும், உப்பும் மணலும் ஓலையில் தங்கிவிடும். ஆறடி உயரத் தட்டி, செடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி.

மேலே நிழல்வலை. டென்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் ஐம்பது சதவீத வலை போதும். மொக்காரா தன் வெயிலைக் கேட்கும், அதை வலை ஓரத்தில் வையுங்கள். ஃபலனாப்சிஸ் இருந்தால் அதற்கு மட்டும் இரட்டை வலை. வலையை எட்டடிக்குக் குறையாமல் உயர்த்திக் கட்டுங்கள், தாழக் கட்டினால் கீழே வெக்கை தேங்கும். இலையைப் பார்த்தே வெளிச்சம் சரியா என்று சொல்லிவிடலாம். கரும்பச்சையாகத் தொங்கினால் நிழல் அதிகம். வெளிர்பச்சையாக நிமிர்ந்து நின்றால் சரி. மஞ்சள் அடித்து, தொட்டால் சுடுகிறதென்றால் வெயில் அதிகம்.

கீழே சிமெண்டுத் தரை வேண்டாம், மணலே நல்லது. சித்திரையில் மதியம் அந்த மணலில் சாதாரணத் தண்ணீர் தெளித்தால் வெக்கை தணியும். அந்தத் தண்ணீர் செடி மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரி: நம் ஊர் கொடுத்த ஊடகம்

ஸ்பாத்தோகிளாட்டிஸ் தவிர இங்கே சொன்ன மற்ற ஆர்க்கிடுகளை மண்ணில் நடக்கூடாது என்பது தெரிந்திருக்கும். மரப்பட்டை, பாசி என்று வெளியூர்ப் புத்தகங்கள் சொல்வதைத் தேடி அலைய வேண்டாம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி நாடெங்கும் போகிறது. நம் ஆர்க்கிடுக்கு அதைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. அழுகாது, புளிக்காது, வேர் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும்.

வாங்கிய கரியை அப்படியே போட்டுவிடக்கூடாது. தூளைச் சலித்து எடுங்கள். வாண்டாவுக்கு இரண்டு மூன்று அங்குலக் கட்டி, டென்ட்ரோபியத்துக்கு ஓர் அங்குலம். நல்ல தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரை மீட்டரால் அளந்து பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட நூறு கூடியிருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு நாள். நான் பெரும்பாலும் மூன்று முறை மாற்றுவேன். ஊறும்போது ‘சிர்’ரென்று சத்தம் வந்து கரி குமிழி விடும், அந்தக் குமிழி நின்றால்தான் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தேங்காய் மட்டைத் துண்டும் சேர்க்கலாம், மூன்று பங்கு கரிக்கு ஒரு பங்கு மட்டை. ஆனால் கடலோரத்தில் மட்டையை உப்பங்கழியில் ஊற வைப்பது உண்டு. அப்படிப்பட்ட மட்டை உப்புக் கிடங்கு. உங்கள் வீட்டுத் தேங்காய் மட்டையையே காயவைத்து நறுக்கி, நாலைந்து முறை தண்ணீர் மாற்றி ஊற வையுங்கள். கரையில் ஒதுங்கிய பவளக்கல்லைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பும் சுண்ணாம்பும்தான் இருக்கிறது, செடிக்குக் கெடுதல். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதும்கூட. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது.

நடுவது எப்படி

டென்ட்ரோபியத்துக்குச் சின்னத் தொட்டி போதும், பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட மண்தொட்டி நல்லது. அடியில் பெரிய கரி, மேலே சிறிய கரி. செடியின் அடித்தண்டு கரிக்கு மேலே இருக்க வேண்டும், புதைக்கக்கூடாது. நிற்காமல் ஆடினால் ஒரு குச்சி ஊன்றிப் பருத்தித் துணி நாடாவால் கட்டுங்கள். செடி ஆடினால் புது வேர் நுனி கரியில் உரசி முறிந்துவிடும். செடி மாற்ற எந்த மாதம் என்பதைவிட, புதுக்குருத்து வந்து அதன் அடியில் வேர் முளைவிடும் தருணம்தான் கணக்கு. அந்த ஒரு வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

வாண்டா, மொக்காராவுக்குத் தொட்டியே வேண்டாம். பிளாஸ்டிக் கூடையிலோ மரச்சட்டக் கூடையிலோ நாலைந்து கரித்துண்டு வைத்து, செடியை நடுவில் நிறுத்திக் கட்டி, வேர்களை வெளியே தொங்கவிடுங்கள்.

மரத்தில் ஏற்றுவதென்றால் வேம்பு, மா, பூவரசு நல்ல மரங்கள். கொய்யா பட்டை உரிக்கும், வேண்டாம். வாடை தொடங்கும் ஐப்பசி முதல் வாரம் சரியான நேரம், அடுத்த மூன்று மாதமும் மழையும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். அடிமரத்தில் கச்சான் அடிக்காத கிழக்குப் பக்கமாகப் பார்த்து, கண் மட்டத்துக்கு மேலே, வேரை மரத்தோடு பரப்பி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுங்கள். நைலான் நரம்பு வீடு முழுக்கக் கிடக்கும், எடுக்கத் தோன்றும். அது வேரை அறுக்கும். துணி ஒரு வருடத்தில் இற்றுவிடும், அதற்குள் வேர் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வேர் நுனி பட்டையின் வெடிப்பைத் தேடி வளைவது தெரியும். அப்புறம் அது தட்டையாகிப் பசை போட்டது போல ஒட்டும். என் பூவரசில் அதைக் கண்ட அன்று வேலையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அன்றாடப் பராமரிப்பு

காலை ஆறிலிருந்து ஏழுக்குள் தண்ணீர். முதலில் ஒரு முறை நனைத்து, பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. முதல் தண்ணீரில் உறை இளகும், இரண்டாவதைத்தான் வேர் குடிக்கும். வெள்ளி வேர் முழுதும் பச்சையானால் போதும். தொங்கும் வாண்டாவுக்குப் பங்குனி முதல் ஆவணி வரை மாலை நாலு மணிக்கு இன்னொரு தடவை, இருட்டுவதற்குள் இலை காய வேண்டும். கரியில் இருக்கும் டென்ட்ரோபியத்துக்குக் கோடையில் நாளுக்கு ஒரு தடவை. மழை பெய்கிற நாளில் எதுவும் வேண்டாம்.

கச்சான் எழும்பினால் வேறு கவனம். பக்கத்து வீட்டுத் தம்பி கடலுக்குப் போகிறவர். “அக்கா, கச்சான் கெளம்பிருச்சு, செடிய நனைச்சு விடுங்க” என்று அவர் குரல் கொடுத்தால் நான் மறுநாள் விடியலில் மழைத்தண்ணீரை ஸ்பிரேயரில் நிரப்பி எல்லா இலையையும் மேலும் கீழும் கழுவிவிடுவேன். நாக்கு நுனியில் இலையைத் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரித்தால் கழுவ வேண்டும். காற்று ஓயாத வாரங்களில் மூன்று நாளுக்கு ஒரு முறை.

உரம் குறைவாக, ஆனால் விடாமல். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 தூளை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, வாரம் ஒரு முறை, வேர் நனைந்த பிறகு தெளியுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் சுட்டுவிடும். மழைத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் மாதம் ஒரு முறை கால்சியம் நைட்ரேட் அரை கிராம், அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். மாதக் கடைசி வாரம் உரமில்லாமல் வெறும் மழைத்தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் கழுவுவது போதவில்லை. மழைக்காலத்தில் உரம் வேண்டாம். சாண எரு, பஞ்சகவ்யம் எல்லாம் மற்ற செடிக்கு நல்லது, கரியில் அது ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.

நோய், பூச்சி, புயல்

மழை நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு செடியின் குருத்தையும் எட்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், வாண்டாவின் உச்சிக்குருத்து அழுகினால் செடி மேலே வளராது. இலையில் எண்ணெய் பட்டது போல நீர்கோத்த புள்ளி தெரிந்து, கெட்ட வாடையும் வந்தால் அது பாக்டீரியா அழுகல். ஒரே இரவில் இலை முழுக்கப் பரவும். காத்திருக்காமல், நெருப்பில் காட்டிய பிளேடால் நல்ல பகுதியும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எறியுங்கள். வெட்டிய இடத்தில் சமையலறையில் இருக்கும் பட்டையை இடித்துத் தூளாக்கித் தடவுங்கள், காயம் உலர்ந்துவிடும். வேரில் அது படக்கூடாது. ஒவ்வொரு செடிக்கும் பிளேடை மறுபடி சுட வேண்டும்.

கோடையில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலைக்கடியில் வரும். வேப்பெண்ணெய் 5 மில்லி, காதிச் சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மாலை வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். பூவில் வெளிறிய கோடுகள் விழுந்து மொட்டு சுருங்கினால் இலைப்பேன், அதற்கும் இதையே வாரம் ஒன்றாக மூன்று வாரம். நத்தைக்கு இரவில் டார்ச் அடித்துக் கையால் எடுப்பதுதான் வழி.

புயலை மறக்கக்கூடாத கரை இது. தனுஷ்கோடி புயலில் அழிந்தது 1964 டிசம்பரில், இதே வாடை மாதங்களில்தான். கூடைகளை ஆணி அடித்து நிரந்தரமாக மாட்டாதீர்கள், எஸ் கொக்கியில் மாட்டுங்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டால் கூடைகளை இறக்கி வீட்டுக்குள் தரையில் வையுங்கள். இரண்டு நாள் இருட்டில் இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள், அது பாய்மரம் போலக் காற்றை வாங்கி கம்பத்தையும் சேர்த்துச் சாய்க்கும். புயல் போன மறுநாள் முதல் வேலை, இலைகளை நல்ல தண்ணீரில் கழுவுவது.

பூவும் பக்கக்கன்றும்

டென்ட்ரோபியத்தில் புதுத்தண்டு முற்றிக் கடைசி இலை விரிந்த பிறகு நுனியில் பூத்தண்டு எட்டிப் பார்க்கும். மொட்டு கட்டிய பிறகு செடியை இடம் மாற்ற வேண்டாம், மொட்டு உதிர்ந்துவிடும். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டை வெட்டிவிடாதீர்கள். அது செடியின் சேமிப்பு. அதே தண்டின் மேல் கணுவில் மறுபடி பூக்கவும் செய்யும். மஞ்சளாகிச் சுருங்கி, அழுத்தினால் காற்றுப் போன டியூப் மாதிரி இருந்தால் மட்டும் வெட்டலாம்.

சில சமயம் அந்தக் கணுவில் பூவுக்குப் பதிலாக ஒரு குட்டிச்செடி முளைக்கும். அதற்கே இரண்டு மூன்று இலையும், இரண்டு அங்குல வேர் மூன்று நாலும் வரும்வரை தாய்த்தண்டிலேயே விடுங்கள். பிறகு தண்டின் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டி, வெட்டிய இரண்டு முனையிலும் பட்டைத்தூள் தடவி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, தேநீர்க் குவளை அளவுத் தொட்டியில் சிறு கரியில் நடுங்கள். பூக்க இரண்டு வருடம் ஆகும். பக்கத்து வீட்டுத் தம்பியின் மகளுக்கு நான் கொடுத்த கன்று போன ஆடியில், தட்டிக்கு வெளியே காற்று அலறிக்கொண்டிருந்த நேரத்தில், ஏழு பூ விட்டது. அவள் ஒவ்வொரு பூவாக எண்ணிக் காட்டினாள்.